ஒளிர்ந்த கடலும் மட்டிக் குழம்பும்: சயான் வாசகியின் கேள்விகளுக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். குளச்சலில் பிறந்து, திருமணத்திற்குப் பின் மும்பை சயான் கோலிவாடாவில் குடியிருக்கும் தாங்கள் எழுதிய கடிதத்தை இருமுறை படித்தேன். ஜுஹு கடற்கரையில் இரவு அலைகள் நீலமாக ஒளிரும் காணொளியை மகன் காட்டிய அதே வாரத்தில், வழக்கமாக மீன் வாங்கும் கோலிப் பெண்மணியிடம், திசரியா என்று இங்கே சொல்லப்படும் மட்டியை வாங்கிக் குழம்பு வைத்திருக்கிறீர்கள். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் தங்கள் மாமனாருக்கு உதடும் நாக்கும் விறுவிறுத்து, விரல் நுனிகள் மரத்துப்போயின. பக்கத்திலிருந்த கிளினிக்கில் ஒவ்வாமை என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலைக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. பாசி நரம்பு நஞ்சை உண்டாக்கும் என்று மகன் படித்துச் சொன்னது உண்மையா, உண்மையானால் எப்படி உண்டாக்குகிறது, கடல் ஒளிர்ந்ததற்கும் மாமனாரின் மரமரப்புக்கும் தொடர்பு உண்டா, மஞ்சளும் புளியும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் நஞ்சு முறியும் என்று மாமியார் சொல்வது சரியா, பிள்ளைகளுக்கு இனி மட்டி கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடல் நுண்ணுயிர்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டு இதே ஊரில் வாழ்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெளிவாகத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மாமனாரின் உடல்நிலையிலிருந்தே தொடங்குவதுதான் முறை. சிப்பி வகைகளை உண்டபின் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் உதடு, நாக்கு, முகம் விறுவிறுப்பதும், அது விரல் நுனிகளுக்கும் கால் விரல்களுக்கும் பரவி மரமரப்பாக மாறுவதும், சிப்பி உணவால் வரும் வாத நஞ்சேற்றத்தின், அதாவது தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சேற்றத்தின், முதல் அடையாளங்கள். ஒவ்வாமையானால் பெரும்பாலும் தோலில் தடிப்பும் அரிப்பும், கண் இமையிலோ உதட்டிலோ வீக்கமும் தெரியும். கெட்டுப்போன அயிலை, சூரை போன்ற மீன்களில் சேரும் ஹிஸ்டமின் என்ற பொருளானால் முகம் சிவந்து, தலை வலித்து, உடல் சுடும். கிருமிகளால் வரும் உணவு நஞ்சேற்றத்தில் வாந்தியும் பேதியும் முன்னே நிற்கும். இவை எதுவும் இல்லாமல் உதட்டில் தொடங்கி விரல் நுனிக்கு மரமரப்பு சென்றது என்று தாங்கள் எழுதியிருப்பதால், அதை வெறும் ஒவ்வாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. உறுதி செய்திருக்க வேண்டுமானால் அன்றைய சிறுநீரையும் மீதி இருந்த மட்டியையும் ஆய்வகத்தில் சோதித்திருக்க வேண்டும். அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால் அடுத்த முறை, தங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ எவருக்காவது இந்த அறிகுறி வந்தால், சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டு ஒரு நிமிடமும் வீட்டில் இருக்க வேண்டாம். செயற்கைச் சுவாசக் கருவி உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேரே செல்லுங்கள். 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. நஞ்சு மிகுந்தால் கை கால்கள் தளர்ந்து, பேச்சு குழறி, மூச்சை இழுக்கும் தசைகள் செயலற்றுப்போகும். நோயாளிக்குப் பெரும்பாலும் நினைவு தெளிவாகவே இருக்கும், மூச்சு மட்டும் நின்றுவிடும். உயிர் போவதானால் அது பெரும்பாலும் முதல் 12 மணி நேரத்திற்குள் நிகழும். அதே நேரம், கருவியின் துணையோடு மூச்சைத் தாங்கிப் பிடித்துவிட்டால், நஞ்சு சிறுநீர் வழியாக வெளியேறி, ஒரு நாளைக் கடந்தவர்கள் பெரும்பாலும் முழுமையாக மீண்டுவிடுகிறார்கள். வேறு எந்த மருந்தும் இல்லாத இடத்தில் நேரத்தோடு போய்ச் சேர்வதே இங்கே சிகிச்சை. கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ, சிப்பி சாப்பிட்டார், இத்தனை மணிக்குச் சாப்பிட்டார், இத்தனை மணிக்கு உதடு மரத்தது என்ற மூன்று செய்திகளையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். சிப்பி என்ற சொல் காதில் விழாவிட்டால் எந்த மருத்துவருக்கும் இந்த நோய் முதலில் நினைவுக்கு வராது.

இனி ஜுஹு கடலின் ஒளிர்வு. அந்த நீல ஒளி நாக்டிலூக்கா என்ற உயிரினத்துடையது. அலை தட்டும்போதோ கால் பட்டு நீர் கலங்கும்போதோ அதன் உடலுக்குள் நிகழும் ஒரு வேதிவினையால் ஒளி பளிச்சிடுகிறது. 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ஜுஹு உட்பட மகாராட்டிரக் கரையின் பல இடங்களில் இது தெரிந்தது. நம் மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகத் திரளும்போது மீனவர்கள் பூங்கோரை என்பதும் இதையே. ஒரு செல்லால் ஆனதுதான் என்றாலும், ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வளரக்கூடியது என்பதால், கண்ணாடிக் குவளையில் கடல்நீரை அள்ளி வெளிச்சத்தில் பிடித்தால் தெளிந்த சிறு உருண்டைகளாகக் கண்ணுக்கே தெரியும். நரம்பு நஞ்சு எதையும் இது உண்டாக்குவதாகக் கண்டறியப்படவில்லை. இதன் உடலில் அம்மோனியா சேர்கிறது. பெருந்திரளாக மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மன்னார் வளைகுடாவில் மீன்கள் செத்து ஒதுங்குவது இந்தக் காரணங்களால்தான். ஆகவே, பிள்ளைகள் ஒளிரும் கடலைப் பார்த்ததற்காக அஞ்ச வேண்டியதில்லை. அந்த நீரில் இறங்கி விளையாட வேண்டாம் என்று நான் சொல்வேன். ஆனால் அதற்கு நரம்பு நஞ்சைவிட இந்த ஊரின் கழிவுநீரே பெரிய காரணம்.

தாங்கள் அச்சப்பட்ட நிகழ்வு வேறு, ஆபத்து இருக்கும் இடம் வேறு என்பதைத்தான் இந்தப் பதிலில் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். நரம்பு நஞ்சு உண்டாக்கும் நுண்பாசிகள் கடலின் நிறத்தை மாற்றும் அளவுக்குப் பெருக வேண்டிய அவசியமே இல்லை. நீர் சிவப்பாகத் தெரிய வேண்டுமானால் லிட்டருக்குப் பல லட்சம் செல்கள் வேண்டும். ஆனால் அலெக்சாண்ட்ரியம் என்ற நுண்பாசி லிட்டருக்குச் சில நூறோ ஆயிரமோ இருந்தாலே, அந்த நீரை வடிகட்டி உண்ணும் சிப்பிகளில் நஞ்சு சேரத் தொடங்கிவிடும். தெளிந்த நீரிலும் நஞ்சு இருக்கலாம். ஒளிரும் நீரில் இல்லாமலும் போகலாம்.

இந்த நஞ்சுகளை உண்டாக்குபவை எவை என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தங்கள் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிப்பதாக எழுதியிருப்பதால் அவருக்கும் உதவும். கடலில் மிதக்கும் நுண்பாசிகளில் பல ஆயிரம் இனங்கள் உண்டு. கடலின் உணவுச் சங்கிலி முழுவதும் இவற்றின்மேல்தான் நிற்கிறது. உலகில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதி இவற்றின் உழைப்பு. அவற்றுள் நஞ்சு உண்டாக்குபவை மிகச் சிறுபான்மை. அந்தச் சிறுபான்மையிலும் இரண்டு கூட்டங்கள் முக்கியம். இரண்டு கசையிழைகளால் சுழன்று நீந்தும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் ஒன்று. அலெக்சாண்ட்ரியம், ஜிம்னோடினியம், பைரோடினியம், கரீனியா ஆகியவை இதில் அடங்கும். கண்ணாடிபோன்ற சிலிக்கா ஓடு கொண்ட டயட்டம்கள் மற்றொன்று. அவற்றில் சூடோநிட்சியா என்ற ஊசி வடிவ இனத்தின் சில வகைகள் மட்டும் நஞ்சு தருகின்றன.

சிப்பி உணவால் வரும் வாதத்திற்குக் காரணமான நஞ்சின் பெயர் சாக்சிடாக்சின். இதைக் கட்டுவதற்குச் செல் எடுத்துக்கொள்ளும் மூலப்பொருள் ஆர்ஜினின். நம் உடலிலும், பருப்பிலும், மீனிலும் உள்ள அதே சாதாரண அமினோ அமிலம். ஆர்ஜினினோடு ஓர் அசிட்டேட் துண்டு இணைகிறது. ஒரு மீத்தைல் கூறு சேர்கிறது. இன்னொரு ஆர்ஜினினிலிருந்து நைட்ரஜன் செறிந்த ஒரு பகுதி பெயர்த்து ஒட்டப்படுகிறது. பின் அந்தச் சங்கிலி வளைந்து வளையங்களாக மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு. இந்த மரபணுத் தொகுப்பை முதலில் 2008இல் நன்னீர் நீலப்பச்சைப் பாசி ஒன்றில் கண்டறிந்தார்கள். 2011இல் கடல் டைனோஃபிளாஜெல்லேட்டுகளிலும் அதன் முதல் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே இனத்தைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரியத்திலேயே நஞ்சு தரும் கிளையும் தராத கிளையும் உண்டு. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகையால் நுண்ணோக்கியில் இனத்தைப் பார்த்ததோடு ஆய்வாளர் நிறுத்திவிட முடியாது. சிப்பியின் சதையில் நஞ்சை அளந்துதான் முடிவு சொல்ல முடியும்.

முடிவில் உருவாகும் மூலக்கூறில் கார்பன் அணுக்கள் 10, நைட்ரஜன் அணுக்கள் 7. இவ்வளவு சிறிய மூலக்கூறில் இத்தனை நைட்ரஜன் இருப்பது அபூர்வம். நஞ்சு எப்போது கூடும் என்பதையும் அதுவே ஓரளவு விளக்குகிறது. நைட்ரஜன் தாராளமாகவும் பாஸ்பரஸ் பற்றாக்குறையாகவும் உள்ள நீரில் செல் பிளந்து பெருக முடியாமல் நிற்கிறது. ஆனால் நைட்ரஜனை உள்வாங்குவதை நிறுத்துவதில்லை. ஆர்ஜினின் உள்ளே தேங்குகிறது. ஒவ்வொரு செல்லிலும் சாக்சிடாக்சின் அளவு கூடுகிறது. கழிவுநீரும் உரம் கலந்த ஆற்றுநீரும் கடலில் சேரும் இடங்களை நாங்கள் கவலையோடு பார்ப்பதற்கு இது ஒரு காரணம். கழிவுநீர் இருந்தால் நஞ்சு நிச்சயம் என்று இதற்குப் பொருளல்ல. நஞ்சு தரும் இனம் அங்கே இருக்க வேண்டும். வெப்பமும் ஒளியும் பொருந்த வேண்டும். மழைக்குப்பின் நன்னீர் மேலும் உப்புநீர் கீழுமாகக் கடல் அடுக்கடுக்காக அமைதியுற வேண்டும். இவை கூடும் நாட்களில்தான் நீந்தும் பாசிகளுக்கு வாய்ப்பு. ஒரு செல் இருபது முறை இரண்டிரண்டாகப் பிளந்தால் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை பிளந்தாலும் நாற்பது நாள் போதும்.

எதற்காக இத்தனை செலவு செய்து ஒரு பாசி நஞ்சைக் கட்டுகிறது என்பது என் துறையில் இன்னும் வாதாடப்படும் கேள்வி. நைட்ரஜனைச் சேமித்துவைக்கும் வழி என்பார் உண்டு. தன்னை மேயும் சிற்றுயிர்களை விரட்டும் காப்பு என்ற கருத்துக்குச் சான்று வலுவாக இருப்பதாக நான் கருதுகிறேன். கோப்பிபாட் என்னும் சிறிய ஓட்டுயிர்கள் நுண்பாசிகளை மேய்பவை. அவை நீரில் கசியவிடும் கொழுப்புப் பொருட்களை 2015இல் பிரித்தெடுத்தார்கள். அந்தப் பொருள் மிக மிக நுண்ணிய அளவில் நீரில் கலந்தாலே, மேய்பவர் அருகில் இல்லாதபோதும், அலெக்சாண்ட்ரியம் தன் நஞ்சைப் பல மடங்கு கூட்டிக்கொள்கிறது. மனிதருக்கும் இந்தப் பாசிக்கும் எந்தப் பகையும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இரண்டு உயிர்களுக்கிடையில் நடக்கும் போராட்டத்தின் கருவி, மட்டி வழியாக நம் தட்டுக்கு வந்துவிடுகிறது.

காலம் பாதகமானால் இவற்றில் பல இனங்கள் தடித்த சுவர் கொண்ட உறைவித்துகளாகிச் சேற்றில் படிந்து பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். சேறு கிளறப்படும்போதோ பருவம் திரும்பும்போதோ முளைத்தெழும். கப்பல்கள் எடைக்காக ஏற்றிவரும் நீரோடும் இவை ஒரு துறைமுகத்திலிருந்து மறு துறைமுகத்திற்குப் பயணம் செய்யும். அந்த நீரைச் சுத்திகரிக்காமல் கொட்டக்கூடாது என்ற பன்னாட்டு உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. துறைமுகங்களால் வாழும் மும்பைக்கு அது வெறும் காகிதச் செய்தியல்ல.

நஞ்சு நரம்பில் செய்யும் வேலை இது. நரம்பில் செய்தி ஓடுவதென்றால் சோடியம் அயனிகள் அதன் சுவரிலுள்ள நுண்ணிய தடங்கள் வழியாக உள்ளே பாய்வதுதான். சாக்சிடாக்சின் அந்தத் தடத்தின் வெளிவாயில், குழாய் முனையில் தக்கை செருகியதுபோல், சரியாகப் போய் அமர்ந்துகொள்கிறது. சோடியம் பாய முடியாது, செய்தி நின்றுவிடுகிறது. உதட்டில் தொடங்கிய மரமரப்பு மூச்சுத் தசையில் முடிவது இதனால்தான். கரீனியாவின் பிரெவிடாக்சினும், பவளப்பாறைப் பாசி ஒன்றிலிருந்து பெரிய மீன்களுக்கு ஏறும் சிகுவாடாக்சினும் இதே தடத்தை நேர்மாறாகத் தாக்கி, மூடவிடாமல் திறந்தே வைக்கின்றன. சிகுவாடாக்சின் ஏறியவருக்குக் குளிர்ந்த நீரைத் தொட்டால் சுடுவதுபோலவோ ஊசி குத்துவதுபோலவோ இருப்பது அதன் தனி அடையாளம். டயட்டம் தரும் டொமோயிக் அமிலம் வேறு வகை. மூளையின் குளுட்டமேட் என்ற தூது வேதிப்பொருளின் சாயலில் இருப்பதால், நினைவைக் காக்கும் பகுதியின் செல்களை ஓய்வில்லாமல் தூண்டி அழித்துவிடும். 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்த்த சிப்பிகளை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, புதிய செய்திகளை நினைவில் வைக்கும் ஆற்றல் திரும்பவே இல்லை. டொமோயிக் அமிலம் இவ்வாறு மனிதரைத் தாக்கும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான்.

மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். பெரியவர் அனுபவத்தில் சொல்வதை மறுத்து எழுதுவது எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் இந்த ஒன்றில் மறுத்தே ஆக வேண்டும். கொதிக்கவைப்பதால் காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் சாகும். கழிவுநீர் கலக்கும் கழிமுகத்து மட்டியை நன்றாக வேகவைப்பது ஆகவே அவசியம். நரம்பு நஞ்சு கிருமியல்ல. சமையல் வெப்பத்தில் அது அழியாது. மஞ்சளுக்கு அதன்மீது எந்த ஆற்றலும் இல்லை. புளியோ, அமிலத்தில் சாக்சிடாக்சின் இன்னும் நிலையாகவே நிற்கும் என்பதால், உதவவே உதவாது. குளிர்பெட்டியில் உறையவைத்தாலும் நஞ்சு சிதையாமல் அப்படியே இருக்கும். அதற்கு மணமோ சுவையோ நிறமோ இல்லை. வேகும்போது ஒரு பகுதி சதையிலிருந்து நீரில் இறங்கும். அந்த நீரைத்தான் நாம் குழம்பாக்குகிறோம். 1987இல் குவாத்தமாலா நாட்டின் பசிபிக் கரையில் மட்டி சூப்பு குடித்து 187 பேர் பாதிக்கப்பட்டு 26 பேர் இறந்தார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் என்ற அளவில் இருந்த மரணம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்குப் பாதியாக இருந்தது. பிள்ளைகளைப் பற்றித் தாங்கள் கேட்டதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை. மாமனார் ஒரு கிண்ணம் உண்டு தாங்கிய அளவைச் சிறு பிள்ளையின் உடல் தாங்காது.

இவை எங்கோ நடந்தவை என்று எண்ண வேண்டாம். 1981இல் கல்பாக்கத்தை அடுத்த வாயலூரில் மட்டி உண்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மூவர் இறந்தார்கள். 1997இல், தாங்கள் பிறந்த குளச்சலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத விழிஞ்ஞத்தில் சிப்பி உண்டு ஏழு பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 500 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். தங்கள் ஊர்ப் பெரியவர்களில் சிலருக்கு அது நினைவிருக்கக்கூடும்.

சிப்பி, மட்டி, ஆளி ஆகியவற்றில் மட்டும் ஏன் இப்படிச் சேர்கிறது என்றால், அவை ஓடிப்பிடித்து உண்பவை அல்ல. நாள் முழுதும் மணிக்கு லிட்டர் கணக்கில் நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்பாசிகளை வடித்து உண்கின்றன. நஞ்சு அவற்றின் திசுக்களில் தங்குகிறது. அவற்றுக்கு அதிகத் துன்பமில்லை. வட அமெரிக்கக் கிழக்குக் கரையில் நஞ்சு அடிக்கடி வரும் இடங்களில் வாழும் ஒரு வகை மட்டியின் சோடியத் தடத்தில், நஞ்சு ஒட்டிக்கொள்ள முடியாதபடி ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதை 2005இல் காட்டினார்கள். அதாவது, உயிரோடு திடமாக வாய் மூடிக் கிடக்கும் மட்டி நஞ்சில்லாதது என்று நாம் வைத்திருக்கும் அளவுகோல், புத்துணர்ச்சிக்கு மட்டுமே பொருந்தும். நஞ்சு வடியும் வேகமும் இனத்துக்கு இனம் மாறும். சில சிப்பிகள் நல்ல நீரில் சில வாரங்களில் தூய்மையாகிவிடும், அலாஸ்காவின் ஒரு மட்டி இரண்டு ஆண்டு வரை நஞ்சை வைத்திருக்கும். வீட்டில் உப்புநீரில் ஓர் இரவு ஊறவைப்பதால் மணல் போகும், நஞ்சு போகாது.

மீனைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் வீட்டில் மீனே வேண்டாம் என்று ஆகிவிடும். சாக்சிடாக்சின் மீனின் சதையில் பெரும்பாலும் சேர்வதில்லை. குடலிலும் கல்லீரலிலும்தான் தங்கும். செதிலும் குடலும் நீக்கிக் கழுவிய அயிலை, வஞ்சிரம், வாவல், பொம்பில் எதையும் இந்த அச்சத்தால் விட வேண்டாம். சாளையும் நெத்திலியும் பாசியையே மேய்பவை என்பதால் சிறியதானாலும் குடலை எடுத்துவிடுங்கள். 1991இல் கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் கூழைக்கடாக்கள் செத்து விழுந்தது, டொமோயிக் அமிலம் ஏறிய நெத்திலிகளை முழுதாக விழுங்கியதால்தான். நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பகுதி அதன் கல்லீரல் போன்றது. சுவையானது என்று பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பதைத் தவிர்க்கலாம். நுண்பாசி பெருகிக் கடல் சிவக்கும் சிவப்பு அலை அடிக்கடி வரும் பிலிப்பைன்ஸ் நாட்டில், எச்சரிக்கை விடுக்கும்போது மீனையும் கணவாயையும் குடல் நீக்கி உண்ணலாம் என்று சொல்லிவிட்டு, சிப்பிகளோடு கூனி இறாலையும் சேர்த்துத் தடை செய்கிறார்கள். அது முழுதாக உண்ணப்படுவது. இங்கே ஜவளா என்று விற்கும் கூனி அதே வகை. ஆகவே எச்சரிக்கை வந்த நாட்களில் புதிய ஜவளாவை ஒதுக்கிவையுங்கள்.

எச்சரிக்கை வந்தால் என்று எழுதும்போதே என் மனம் வருந்துகிறது. ஹைதராபாத்தில் உள்ள, கடல் தகவல்களைத் தரும் தேசிய மையமான இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் துணையோடு பாசிப் பெருக்கம் பற்றிய தகவலைத் தருகிறது, நல்ல பணி. ஆனால் செயற்கைக்கோள் காண்பது கடலின் நிறத்தை. நிறத்திற்கும் நஞ்சுக்கும் உள்ள தொலைவை மேலே சொன்னேன். கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் சாக்சிடாக்சின் என்ற பன்னாட்டு எல்லை இருக்கிறது. ஏற்றுமதியாகும் சிப்பி விளையும் நீரையும் சதையையும் சோதிக்கும் ஏற்பாடும் நம் நாட்டில் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஆண்டுதோறும் மே முதல் அக்டோபர் வரை, நிறம் மாறினாலும் மாறாவிட்டாலும், சொந்தமாகச் சிப்பி பறித்து உண்பதற்குத் தடை விதிக்கிறார்கள். தாணே கழிமுகத்துச் சேற்றில் இடுப்பளவு இறங்கி மட்டி எடுக்கும் பெண்களின் கூடையைச் சோதிக்க மட்டும் இப்படி ஒரு வழக்கமான ஏற்பாடு இல்லை. அந்த மட்டியை முதலில் உண்பவர்கள் அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். ஏற்றுமதித் தட்டுக்குக் காட்டும் அக்கறையை உள்ளூர்த் தட்டுக்கும் காட்ட வேண்டும் என்று நான் பேசக் கிடைக்கும் இடங்களிலெல்லாம் சொல்லிவருகிறேன். தங்களைப் போன்றவர்களும் கேட்டால்தான் அது நடக்கும்.

அதுவரை தங்கள் வீட்டிற்கு என் ஆலோசனை இது. மட்டியை அடியோடு விட்டுவிடச் சொல்ல மாட்டேன். பெரியவர்கள் எப்போதாவது, அளவாக உண்ணலாம். சமைத்த பானையிலிருந்து முதலில் ஒருவர் சிறிது உண்டு, மற்றவர்கள் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது என்ற பழக்கம் சில கரைகளில் உண்டு. முதலில் உண்பவரை ஆபத்தில் நிறுத்துகிற அதை நான் பரிந்துரைக்கவில்லை. பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை அவர்களுக்கு மட்டிக் குழம்போ, வேகவைத்த நீரோ வேண்டாம். ஒருமுறை அறிகுறி கண்ட மாமனாரும் தவிர்ப்பது நல்லது. அவருக்கு மூச்சுக் கோளாறோ இதய நோயோ இருந்தால் இது ஆலோசனையாக இல்லாமல் விதியாகவே இருக்கட்டும். வாங்கும்போது அந்தக் கோலிப் பெண்மணியிடம் மட்டி எந்தக் கழிமுகத்திலிருந்து வந்தது, எடுத்தவர்கள் வீட்டில் எவருக்காவது உதடு மரத்ததா என்று கேளுங்கள். குற்றம் சாட்டுவதுபோல் வேண்டாம். தங்கள் மாமனாருக்கு நேர்ந்ததைச் சொல்லி, இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தியாகவே பேசுங்கள்.

இன்னொன்று: அன்று வாங்கிய மட்டியில் ஏதேனும் உறைபெட்டியில் மீதி இருந்தால் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். உறைந்த சதையில் நஞ்சு அப்படியே இருக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் இப்போதும் அளக்க முடியும். உறையோடு மூடி, வாங்கிய நாளையும் இடத்தையும் எழுதி ஒட்டி, மகாராட்டிர உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் மும்பை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகாராகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். மனுவின் நகல் ஒன்றை வெர்சோவாவில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்திற்கும் அனுப்புங்கள். மனு எழுத உதவி வேண்டுமானால் இதே முகவரிக்கு எனக்கு எழுதலாம். தமிழில் எழுதினால் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் ஆக்கித் தருகிறேன்.